நச்சுயிரி என்ற பெயரிலேயே உயிர் இருக்கிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை மாலையில் இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்து அறிவியல் கேட்கும் ஊர்ப் பெரியவர்களே, முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு இருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். வைரஸ் உயிரா, வெறும் பொருளா? உயிரே என்று சொல்ல வந்திருக்கிறேன். மேடைக்காக எடுத்த பக்கமில்லை இது. இருபது வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். "உயிருள்ளவைக்கும் உயிரற்றவைக்கும் இடைப்பட்டது வைரஸ்" என்ற வரியை வருடா வருடம் கரும்பலகையில் எழுதி எழுதி, அந்த வரி போதாது என்று மனதில் பட்டு எடுத்த பக்கம்.

எதிரணித் தலைவர் பேச்சு முழுக்கத் 'தீநுண்மி' என்றே சொன்னார். நல்ல சொல்தான். ஆனால் தமிழில் இதற்கு இன்னொரு சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது: நச்சுயிரி. நுண்மி என்றால் நுண்ணியது, அவ்வளவுதான். தூசியும் நுண்ணியதுதான். நச்சுயிரி என்று பெயர் வைத்தவர் உயிரைப் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டார். இப்படிப் பெயருக்குள் உயிரை வைப்பது தமிழில் தொடங்கியதும் இல்லை. 1898-இல் ஹாலந்து நாட்டின் பைஜரிங்க், புகையிலைச் செடியில் தேமல் நோயைக் கொண்டுவருவது எது என்று தேடினார். பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டியில் நோய் பிடித்த செடியின் சாற்றை வடிகட்டினார். கீழே இறங்கிய தெளிந்த சாறும் நோயைக் கொடுத்தது. ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி ஆறு வருடம் முன்பே இதைப் பார்த்திருந்தார். பைஜரிங்க் ஒரு படி மேலே போனார். அந்தச் சாறு செடிக்குள் பெருகுகிறது, அதுவும் வளர்ந்துகொண்டிருக்கும் திசுவில்தான் பெருகுகிறது என்று கண்டு லத்தீனில் ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால், 'உயிருள்ள தொற்றுத் திரவம்'. திரவம் என்றது தப்பு. அது துகள் என்று பிறகு தெரிந்தது. உயிருள்ள என்றது சரி. என் வாதம் அங்கேதான் நிற்கிறது.

நடுவர் ஐயா, பேச்சைத் தொடங்கும் முன் உங்கள் மேசையில் ஒரு இலை வைத்தேன். என் வீட்டு மாடியில் தொட்டியில் வளரும் வெண்டைச் செடியின் இலை. தயவுசெய்து கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்பெல்லாம் மஞ்சள், நரம்புகளுக்கு நடுவே மட்டும் பச்சை. மஞ்சள் நூலில் பின்னிய வலையை இலைமேல் விரித்த மாதிரி இருக்கும். மஞ்சள் நரம்புத் தேமல் என்று இதைச் சொல்வார்கள். காய் வெளுத்துப் போகும், நார் பிடிக்கும், கமிஷன் மண்டியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் அப்பா வெண்டை போட்டவர். இப்படி ஒரு செடியைப் பார்த்தால் வேரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்துவார். "விட்டா பக்கத்துச் செடிக்கு ஏறிடும்மா" என்பார். அந்த வினைச்சொல்லைக் கவனியுங்கள். ஏறிடும். மண்ணில் உப்பு அதிகமானாலும் இலை மஞ்சளாகும், இரும்புச் சத்து குறைந்தாலும் மஞ்சளாகும். அதற்கெல்லாம் 'ஏறிடும்' என்று அவர் சொன்னதே இல்லை. உரம் வைப்பார், தண்ணீர் விடுவார். இந்த மஞ்சளுக்கு மட்டும் மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டையைக் கட்டி வைத்து வெள்ளை ஈ எத்தனை ஒட்டியிருக்கிறது என்று தினம் பார்ப்பார். பயணம் போகிற ஒன்றோடு மல்லுக்கு நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பயணத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வெள்ளை ஈ இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. சாற்றோடு வைரஸ் அதன் குடலுக்குப் போகிறது. குடல் சுவரைத் தாண்டி உடல் திரவத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து காத்திருக்கிறது. ஈ அடுத்த செடியில் ஊசியைக் குத்தும்போது உள்ளே இறங்குகிறது. இந்த வைரஸிடம் இருப்பது ஏறக்குறைய 2,700 எழுத்துள்ள ஒரு டி.என்.ஏ. வளையம். ஒரு வார இதழின் ஒரு பக்கத்தில் அச்சடித்துவிடலாம். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு அது என்ன செய்கிறது? முதிர்ந்த இலையின் செல்கள் தங்கள் டி.என்.ஏ.வைப் படியெடுப்பதை நிறுத்தியிருக்கும், இனி பிரிய வேண்டியதில்லை என்று. இந்தக் குடும்பத்து வைரஸ்கள் அந்தச் செல்லின் பூட்டைத் திறந்து, படியெடுக்கும் வேலையை மறுபடி தொடங்க வைக்கின்றன. செடிக்கு ஒரு காவல் உண்டு. அந்நியச் செய்தி வந்தால் துண்டு துண்டாக வெட்டிப் போடும். அந்தக் காவலையும் முடக்குகின்றன. 2003-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். இந்த வைரஸ் தனியாகப் போனால் இலை லேசாகச் சுருள்வதோடு சரி. அதனோடு இன்னும் சிறிய ஒரு துணை டி.என்.ஏ. வளையம் சேர்ந்து போனால்தான் நீங்கள் கையில் பிடித்திருக்கும் இந்த மஞ்சள் வலை. வைரஸ் இல்லாமல் துணை பெருகாது; துணை இல்லாமல் வைரஸுக்கு இந்த வீரியம் வராது. கூட்டு வைத்துப் பிழைக்கிற ஒன்றைப் பொருள் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சரி, எதிரணியின் வாதங்களுக்கு வருகிறேன். முதல் வாதம் படிகம். 1935-இல் அமெரிக்காவின் வெண்டல் ஸ்டான்லி புகையிலை தேமல் வைரஸைப் படிகமாக்கினார், 1946-இல் நோபல் பரிசு வாங்கினார், "உப்பு மாதிரி, சீனி மாதிரி குப்பியில் போட்டு மூடி வைக்கக்கூடியதா உயிர்?" என்று கேட்டார்கள். கைதட்டலும் வாங்கினார்கள். அந்தக் குப்பியிலிருந்து ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் கரைத்துப் புகையிலை இலையில் தேய்த்தால் செடிக்குத் தேமல் வரும். அதைக் காட்டியவரும் ஸ்டான்லிதான். அந்தச் செடியின் சாற்றை அடுத்த செடிக்கு, அதன் சாற்றை அதற்கடுத்ததற்கு என்று கொண்டு போகலாம், நம் வீட்டில் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போல. உப்பில் இதைச் செய்து பாருங்கள். பத்துப் பானை மாற்றுவதற்குள் கரிப்பு காணாமல் போய்விடும். வைரஸோ நூறாவது செடியிலும் முதல் செடியின் வீரியத்தோடு இருக்கும்.

அப்புறம், அந்தப் படிகத்தைப் பற்றி எதிரணி சொல்லாமல் விட்ட பாதியும் இருக்கிறது. ஸ்டான்லி அதைச் சுத்தமான புரதம் என்றுதான் முதலில் அறிவித்தார். அடுத்த வருடம், 1936-இல், இங்கிலாந்தில் பாவ்டனும் பிரியும் அதற்குள் நியூக்ளிக் அமிலம் இருக்கிறது என்று காட்டினார்கள். எடையில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். சுமார் 6,400 எழுத்துள்ள அந்த ஆர்.என்.ஏ. இழைதான் அடுத்த தலைமுறைக்குப் போகிற செய்தி. மற்றதெல்லாம் உறை. படிகத்தைப் பார்த்து இது பொருள் என்று முடிவு கட்டிய அந்த நாளிலேயே, உயிரை உயிராக்கும் பகுதி கண்ணில் படாமல் உள்ளே இருந்தது.

குப்பியில் அசையாமல் இருக்கிறதே என்றால், விதையும் அசையாமல்தான் இருக்கிறது. மசாடா கோட்டையில் தோண்டியெடுத்த பேரீச்சங்கொட்டை, ஏறக்குறைய 2,000 வருடம் பழையது, 2005-இல் இஸ்ரேலில் முளைத்தது. செல்லுக்கு வெளியே இருக்கும் வைரஸ் துகள், வைரஸின் விதை. செல்லுக்குள் நடப்பதுதான் அதன் வாழ்க்கை. பிரெஞ்சு நுண்ணுயிரியலாளர் பாட்ரிக் ஃபோர்தேர் இதைத்தான் வலியுறுத்துகிறார்: வைரஸ் புகுந்த செல் இனிப் பழைய செல் இல்லை, அது இப்போது வைரஸ்களைப் பெற்றெடுக்கும் செல், அதுதான் வைரஸின் உடம்பு. எதிரணி நண்பர்கள் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேரீச்ச மரத்துக்கு உயிரில்லை என்கிறார்கள்.

வெளியே இருக்கும்போது வைரஸ் எதுவுமே செய்யாது என்பதும் எப்போதும் உண்மையில்லை. இத்தாலியில் பொசுவோலி என்ற இடத்தில் கொதிக்கும் அமில ஊற்று இருக்கிறது. அதில் வாழும் ஒரு நுண்ணுயிரிக்குள்ளிருந்து எலுமிச்சம்பழ வடிவில் ஒரு வைரஸ் வெளியே வருகிறது, வால் இல்லாமல். வெளியே வந்த பிறகு, எந்தச் செல்லின் உதவியும் இல்லாமல், இரண்டு முனையிலும் அதற்கு வால் நீள்கிறது. 2005-இல் வெளியான கண்டுபிடிப்பு. எனக்கு அதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் தொல்காப்பியத்தை எடுத்தார். புல்லும் மரமும் ஓரறிவு, அந்த ஓரறிவு உற்றறிவது, தொடு உணர்வு. வைரஸுக்கு அதுகூட இல்லையே என்றார். தமிழ் ஆசிரியரிடம் நான் மறுத்துப் பேசுவதற்கு ஒன்றுமில்லை, சேர்த்துச் சொல்ல இரண்டு உண்டு. ஒன்று, தொல்காப்பியர் ஒவ்வொரு அறிவுக்கும் உதாரணம் சொல்லிவிட்டுப் 'பிறவும் உளவே' என்று சேர்க்கிறார். பட்டியலை அவர் மூடவில்லை. இன்னும் இருக்கின்றன என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டு, உற்றறிவது. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற வைரஸைப் பாருங்கள். தலை, கழுத்து, குழல் போன்ற வால், வாலின் அடியில் ஆறு நீண்ட கால்கள். அந்தக் கால்கள் பாக்டீரியாவின் மேற்பரப்பைத் தொடுகின்றன. தனக்கு உரிய இனம் இல்லையென்றால் பிடிப்பதில்லை. உரிய ஈ.கோலை பாக்டீரியா என்றால் கால்கள் ஒவ்வொன்றாகப் பற்றுகின்றன. பற்றியதும் வாலின் அடித்தட்டு அறுகோணத்திலிருந்து நட்சத்திர வடிவத்துக்கு விரிகிறது, வாலின் மேலுறை சுருங்குகிறது, உள்ளே இருக்கும் குழல் செல்சுவரைத் துளைக்கிறது, டி.என்.ஏ. இறங்குகிறது. தொட்டு, இனம் கண்டு, பிறகு இறங்குகிறது. உற்றறிதல் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான படம் என் பாடப்புத்தகத்தில் இல்லை.

மூன்றாவது வாதம்தான் பலமான வாதம். அதை நான் ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். "வைரஸ் தானாக எதையும் செய்யாது. புரதம் செய்ய ரைபோசோம் இல்லை, ஆற்றல் இல்லை, எல்லாம் கடன்." கடன் உண்மைதான். கடன் வாங்கினால் உயிர் இல்லை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹான்சன் 1873-இல் கண்டார். இன்றுவரை எந்த ஆய்வகத்திலும் செயற்கை ஊடகத்தில் அதை வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும் அர்மடில்லோ என்ற விலங்கின் உடம்பிலும்தான் வளர்க்கிறார்கள். அதை உயிரற்றது என்று யாரும் சொல்வதில்லை. "அதற்குச் சொந்த ரைபோசோம் இருக்கிறதே" என்பீர்கள். சரி, கணக்குப் பார்ப்போம். 2016-இல் அமெரிக்காவில் கிரெய்க் வென்டர் குழு, உயிர்வாழ எவ்வளவு குறைவான மரபணு போதும் என்று பார்க்க ஒரு பாக்டீரியாவை வெட்டி வெட்டிக் குறைத்து, 473 மரபணுவோடு நிறுத்தியது. வேண்டிய சத்தெல்லாம் கலந்த குழம்பில் வைத்தால்தான் அது வளரும். அதில் 149 மரபணு என்ன வேலை செய்கிறது என்று அப்போது அவர்களுக்கே தெரியவில்லை. எடுத்தால் செத்துப்போகிறது என்று மட்டும் தெரிந்தது. அதை உயிர் என்று இரண்டு அணியுமே ஒப்புக்கொள்கிறோம்.

இப்போது இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகருக்கு வாருங்கள். 1992-இல் ஒரு குளிர்விப்புக் கோபுரத்துத் தண்ணீரில், அமீபாவுக்குள் ஒரு கிருமி கிடைத்தது. சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரிந்தது. பாக்டீரியாவுக்குப் போடும் சாயம் அதிலும் பிடித்தது. பாக்டீரியா என்றே நினைத்து ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பெயரும் வைத்தார்கள். 2003-இல் பிரான்சில் பார்த்தால் அது வைரஸ். மிமிவைரஸ் என்று இப்போது பெயர். பதினொரு லட்சத்துக்கு மேல் எழுத்து, ஆயிரத்தை நெருங்கும் மரபணு. பிரேசிலில் கிடைத்த அதன் உறவான தூபான் வைரஸை 2018-இல் அறிவித்தார்கள். புரதம் செய்யும் பட்டறையில் ரைபோசோமைத் தவிர ஏறக்குறைய மற்ற எல்லாக் கருவியும் அதன் கையில் இருக்கிறது. 473 வைத்திருப்பது உயிர், ஆயிரம் வைத்திருப்பது பொருள் என்றால், ஒரே ஒரு கருவிக்காக மொத்தத் தீர்ப்பையும் எழுதுகிறோம்.

மிமிவைரஸின் இன்னொரு உறவினருக்கு நடந்ததைக் கேளுங்கள். 2008-இல் அந்தப் பெரிய வைரஸைப் பிடித்த ஒரு குட்டி வைரஸைக் கண்டுபிடித்தார்கள். ஸ்புட்னிக் என்று பெயர். அமீபாவுக்குள் பெரிய வைரஸ் கட்டிய பட்டறைக்குள் இது புகுந்து தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. பெரிய வைரஸின் பிள்ளைகள் கோணல்மாணலாகப் பிறக்கின்றன, எண்ணிக்கையும் குறைகிறது. அதாவது வைரஸுக்கு நோய் வந்திருக்கிறது. கல்லுக்குக் காய்ச்சல் வருமா?

"பரிசோதனைச் சாலையில் வைரஸைச் செய்துவிடலாம், அப்புறம் அது எப்படி உயிர்?" என்ற வாதத்துக்கு ஒரு நிமிடம் போதும். 2002-இல் எக்கார்ட் விம்மர் குழு, எழுத்து வரிசையை மட்டும் வைத்துப் போலியோ வைரஸை உருவாக்கியது. ஆம். அதைச் செலுத்திய எலிகளுக்கு வாதம் வந்தது. செய்யத் தெரிந்ததால் ஒன்று உயிரில்லை என்றாகாது. மேலே சொன்ன 473 மரபணுவையும் வேதியியலில் எழுதித்தான் செல்லுக்குள் வைத்தார்கள்.

இனி, என் மனதுக்கு நெருக்கமான சாட்சி. இஸ்ரேலில் ரோட்டம் சோரெக் ஆய்வகத்தில் பேசிலஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். வைரஸ் தாக்கும்போது பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று எச்சரிக்கை அனுப்புகின்றனவா என்று தேடினார்கள். செய்தி கிடைத்தது. ஆனால் அதை அனுப்பியது பாக்டீரியா இல்லை, வைரஸ். இந்த வைரஸுக்கு ஒவ்வொரு செல்லிலும் இரண்டு வழி. பெருகி, செல்லை வெடித்துக்கொண்டு வெளியே வரலாம். இல்லையென்றால் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வோடு தன் டி.என்.ஏ.வைச் சேர்த்துவிட்டு, அதைக் கொல்லாமல் உறங்கலாம். ஒவ்வொரு முறை ஒரு செல்லைப் பிடிக்கும்போதும் ஆறே ஆறு அமினோ அமிலம் உள்ள ஒரு சின்னத் துண்டை வெளியே விடுகிறது. முதலில் வரும் வைரஸ்களுக்குச் சுற்றிலும் அந்தத் துண்டு குறைவு. ஆகவே பெருகி வெடிக்கின்றன. வெடிக்க வெடிக்கத் துண்டு சேர்ந்துகொண்டே போகிறது. பின்னால் வரும் வைரஸுக்கு அது நிறைய இருப்பது தெரிகிறது. அதாவது நமக்கு முன்னால் நிறையப் பேர் வந்துவிட்டார்கள், இன்னும் வெடித்தால் நாளைக்குப் புக ஒரு பாக்டீரியாவும் மிஞ்சாது. அப்போது உறங்கும் வழியை எடுக்கின்றன. 2017-இல் இது வெளியானது. முடிவெடுத்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லை அந்தத் துண்டுக்குப் பெயராக வைத்தார்கள். இன்னொரு இனத்து வைரஸ் வேறு ஆறு அமினோ அமிலம் வைத்திருக்கிறது. அதன் மொழி இதற்குக் கேட்காது. விதை நெல்லைச் சாப்பிடாமல் வைக்கும் விவசாயிக்கு இருக்கும் நாளையைப் பற்றிய கணக்கு, மூளையே இல்லாத இதற்குள் எத்தனையோ தலைமுறையின் தேர்வில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படி எழுதப்படுவது உயிரில் மட்டும்தான்.

"வைரஸை உள்ளே விட்டால் கோடு எங்கே?" என்று எதிரணி கேட்டது. நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன். தன் குறிப்பைத் தானே சுமந்து, அதைப் படியெடுக்க வைத்து, படியெடுக்கும்போது வரும் பிழைகளால் மாறி, அந்த மாற்றத்தில் நல்லது நிற்க, அல்லாதது கழிய, காலத்தில் நடந்து வருவது எதுவோ அது என் கோட்டுக்கு உள்ளே. உருளைக்கிழங்கை நூல் நூற்கும் கதிர்போல் ஒல்லியாக்கும் வைராய்டை, அதாவது வெறும் ஆர்.என்.ஏ. இழையான கிருமியை, 1971-இல் டீனர் அறிவித்தார். 359 எழுத்து, புரதமே இல்லை. உள்ளே வரட்டும். பிலிப்பைன்ஸில் கோடிக்கணக்கான தென்னையைச் சாய்த்தது அதைவிடச் சின்ன வைராய்டு, 246 எழுத்து. அதுவும் வரட்டும். மாட்டுப் பைத்திய நோயைக் கொண்டுவரும் பிரியானை நான் கூப்பிடவில்லை. அது கோணலாக மடிந்த புரதம். அதற்கான குறிப்பு, அது பிடித்த உடம்பின் மரபணுவிலேயே இருக்கிறது. என் கோடு அங்கே நிற்கிறது. ஓரத்தில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அதற்காகக் கோட்டையே செல்சுவருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போக நான் தயாரில்லை.

மணி அடித்துவிட்டார்கள், கடைசியாக ஒன்று. வைரஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்று பொருள். தமிழில் நஞ்சை இன்னொரு பெயருக்குள்ளும் வைத்திருக்கிறோம்: நஞ்சுக்கொடி. தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் கலக்காமல் உணவும் காற்றும் மட்டும் கடந்து போக, நஞ்சுக்கொடியில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. செல்கள் ஒன்றோடொன்று கரைந்து இணைந்து, இடைவெளியே இல்லாத ஒரே விரிப்பாகும் படலம். அப்படி இணைய வைக்கும் புரதத்துக்கு சின்சிட்டின் என்று பெயர். அதன் மரபணு நம்முடையதாகப் பிறந்ததில்லை. லட்சக்கணக்கான தலைமுறைக்கு முன்னால் நம் முன்னோரின் கருவணுவில் புகுந்து தங்கிவிட்ட ஒரு வைரஸ், செல்லோடு தன்னை இணைத்துக்கொள்ள வைத்திருந்த மரபணு அது. 2000-ஆம் ஆண்டு இது தெரியவந்தது. எலிக்கும் இப்படி வைரஸிடமிருந்து வந்த மரபணு உண்டு. அதை நீக்கிப் பார்த்தார்கள், குட்டிகள் கருவிலேயே இறந்தன.

இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் பத்து மாதம் அந்தப் படலத்தின் வழியாகச் சாப்பிட்டவர்கள். அப்போது நாம் தானாக மூச்சுவிடவில்லை, தானாக ஒரு கவளம் தேடவில்லை, முதல் சில மாதங்களில் இன்னொரு உடம்புக்கு வெளியே ஒரு நாள்கூட இருந்திருக்க முடியாது. கடன் வாங்கியது உயிரில்லை என்றால் அந்த மாதங்களில் நாம் எதுவாக இருந்தோம்? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.